எந்த ராஜா?



நீண்ட பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள். டிசம்பர் விடுமுறையில் நானும் மனைவியும் போன பயணத்தைப் பற்றி எழுதச் சொல்லிச் சிலர் கேட்டிருந்தீர்கள். நுவரெலியாப் படங்களை எதிர்பார்த்தவர்கள் மன்னிக்க வேண்டும். நாங்கள் போனது பழைய சண்டைகள் நடந்த இடங்களுக்கு. பிள்ளைகள் இருவரும் "நாங்க வரல்ல" என்று உம்மம்மா வீட்டில் நின்றுவிட்டார்கள்.

விசயம் தொடங்கியது ஒரு கிதாபில்.

என் மாமி, அதாவது மனைவியின் உம்மா, கொழும்பு கொம்பனித்தெருவைச் சேர்ந்த மலாய்க் குடும்பம். அவர் மௌத்தான பிறகு அலுமாரியை ஒதுக்கும்போது ஒரு பழைய கிதாப் கிடைத்தது. கறையான் பாதி தின்றிருந்தது. உள்ளே இருந்தது தொழுகை, நோன்பு பற்றிய சட்டங்கள். ஆனால் முன்பக்கமும் பின்பக்கமும் இருந்த வெற்றுத் தாள்களில் கையெழுத்தில் வரிவரியாக ஏதோ எழுதியிருந்தது. யார் பிறந்தது, யார் மௌத்தானது, எந்த வருடம் என்று பழைய காலத்தில் கிதாபின் ஓரத்தில் குறித்து வைப்பார்கள் இல்லையா, அதுதான். நம் ஊரிலும் மூத்தம்மாமாருடைய கிதாபுகளில் இப்படி அறபுத் தமிழில் இருக்கும்.

இது அறபுத் தமிழ் இல்லை, ஜாவி. மலாய் மொழியை அறபு எழுத்தில் எழுதுவது. மனைவிக்கு வீட்டு மலாய் காதில் விழுந்தால் விளங்கும், ஆனால் ஜாவி வாசிக்கத் தெரியாது. எனக்கு மலாய் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் மூத்தம்மாவிடம் அறபுத் தமிழ் படித்தவன் என்பதால் எழுத்தைக் கூட்டிச் சத்தம் எழுப்ப முடியும். அறபில் இல்லாத 'ப', 'ச', 'ங' ஒலிகளுக்கு நம் ஆட்கள் எழுத்தில் புள்ளி கூட்டியது போலவே அவர்களும் கூட்டியிருக்கிறார்கள். புள்ளி வைக்கும் இடத்தில்தான் வித்தியாசம். ஆகவே ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். நான் விளங்காமல் வாசிப்பேன், அவர் வாசிக்காமல் விளங்கிக்கொள்வார். கல்யாணமாகி இருபது வருடத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு வேலையைச் சண்டையில்லாமல் செய்தது அதுதான்.

எல்லாவற்றுக்கும் மேலே இருந்த வரியில் ஒரு பெயர். அதன் பிறகு நான் எழுத்துக் கூட்டினேன்: "சோல்... தா... து." மனைவி சொல்வதற்கு முன்னமே எனக்கே விளங்கிவிட்டது. சொல்தாது! நம் பழைய தமிழில் பட்டாளக்காரனைச் சொல்லும் அதே சொல். போர்த்துக்கேயன் விட்டுப் போனதை இரண்டு மொழியும் எடுத்து வைத்திருக்கின்றன. அடுத்த சொல் 'ராஜா'. பிறகு 'மெனிங்கல்'. "மௌத்தாகிட்டார்" என்றார் மனைவி. பிறகு 'கண்டி'. பிறகு 1218.

ராஜாவின் சொல்தாது. கண்டியில் மௌத்து. ஹிஜ்ரி 1218.

இதுவரைக்கும் சந்தோசம். சிக்கல் எங்கே வந்தது என்றால், கொழும்பில் இருக்கும் மனைவியின் மச்சான் ஒருவர் குடும்ப வரலாற்றைச் சிறு புத்தகமாக அச்சிடப்போகிறார். குடும்பத்தின் முதல் மனிதரைப் பற்றி அவர் ஏற்கனவே எழுதி வைத்திருந்த வசனம் இது: "கண்டி மன்னனின் மெய்க்காப்பாளராக இருந்து, ஆங்கிலேயரை எதிர்த்துப் போராடி உயிர் நீத்தார்." கிதாபைப் படம் எடுத்து அனுப்பியதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. ராஜாவின் சொல்தாது என்று எழுத்திலேயே இருக்கிறதே, இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும் என்றார்.

ஆனால் மனைவி சின்ன வயதில் தன் நெனெயிடம் கேட்ட கதை வேறு. (மலாய் வீடுகளில் பாட்டியை 'நெனெ' என்பார்கள்.) அந்தக் கதையில் மூதாதை ஆங்கில ராஜாவுக்காக உயிர் விட்டவர். நெனெயின் தகப்பன் காலத்தில் அது பெருமை. 1873இல் இலங்கை ரைபிள் படை கலைக்கப்பட்ட பிறகு மலாய் மக்கள் பொலிஸிலும் தீயணைப்பிலும் தோட்டங்களிலும் வேலைக்குப் போனார்கள். வெள்ளைக்காரனுக்கு முன்னால் நிற்கும்போது "எங்கட பாட்டன் உங்கட ராஜாவுக்காகச் செத்தவர்" என்று சொல்ல முடிந்தால் அது ஒரு சேர்ட்டிபிகேற். பேரன் காலத்தில் ஆங்கில ராஜா செல்லாக் காசு. எனவே அதே பாட்டன், அதே சாவு, ராஜாவை மட்டும் மாற்றிவிட்டார்கள். யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. கதை சொல்லச் சொல்ல அது தானாகவே பக்கம் மாறிக்கொண்டது.

இதைச் சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். ஆனால் சிரிக்க எனக்கு உரிமை இல்லை, ஏன் என்று சொல்கிறேன்.

2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த நாட்கள் உங்களுக்கு நினைவிருக்கும். மே மாதத்தில் மூன்று சமூகத்து ஆசிரியர்களும் கலந்துகொண்ட கூட்டம் ஒன்றில் என்னைப் பேசச் சொன்னார்கள். நான் எழுந்து என்ன சொன்னேன் தெரியுமா? பங்கரகம்மனக் கதையைச் சொன்னேன். போர்த்துக்கேயர் துரத்தி வந்தபோது கண்டி மன்னன் மரப்பொந்தில் ஒளிந்ததையும், அதைக் கண்ட முஸ்லிம் பெண் கொலையுண்டாலும் காட்டிக்கொடுக்க மறுத்ததையும், சிந்திய இரத்தத்தைக் கண்டு மன்னன் "மா ரக்க லே" — என்னைக் காத்த இரத்தம் — என்று சொன்னதையும், அதிலிருந்துதான் சிங்களத்தில் நம்மை 'மரக்கல' என்கிறார்கள் என்பதையும். உணர்ச்சியாகச் சொன்னேன். கை தட்டினார்கள். தேநீர் இடைவேளையில் வயதான சிங்கள ஆசிரியை ஒருவர் பக்கத்தில் வந்தார். "சேர், நீங்கள் நல்ல மனிதர் என்று எனக்குப் பத்து வருடமாகத் தெரியும். அதற்கு ஏன் ராஜா காலத்துக்குப் போகிறீர்கள்?" என்று கேட்டார். அவர் அன்பாகத்தான் கேட்டார். எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை.

வரலாறு படிப்பிக்கும் எனக்கு 'மரக்கல' என்பது மரக்கலம், கப்பல் என்று தெரியாதா? தெரியும். கதை எந்த மன்னனைப் பற்றியது என்பதிலேயே சொல்கிறவருக்குச் சொல்கிறவர் வித்தியாசம் என்பதும் தெரியும். தெரிந்துகொண்டே சொன்னேன். மனைவியின் மச்சான் செய்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஆகவேதான் இந்தப் பயணம். அவளுடைய சொல்தாதுவையும் என்னுடைய மன்னனையும் ஒரே பாதையில் போய்ப் பார்த்துவிடுவோம் என்று.

செங்கலடியிலிருந்து மகா ஓயா, பதியத்தலாவை, மகியங்கனை. பங்கரகம்மன மகியங்கனைப் பக்கம். இன்றும் முஸ்லிம்கள் வாழும் ஊர். ளுஹர் அங்கே தொழுதோம். பள்ளியில் இருந்த பெரியவர் ஒருவரிடம் கதையைக் கேட்டேன். நான் சொல்லும் கதையைவிடச் சுருக்கமாகச் சொன்னார், அழவும் இல்லை, கண்ணை உருட்டவும் இல்லை. சொல்லி முடித்துவிட்டு, இந்த முறை வயலுக்குத் தண்ணீர் போதாது என்று அதைப் பற்றி அரை மணித்தியாலம் பேசினார். கதை அவருக்கு வீட்டுச் சாமான். நான்தான் அதைக் கடன் வாங்கிக்கொண்டு போய் மேடையில் வைத்தவன்.

இந்தப் பாதைக்கு நம் வரலாற்றில் இன்னொரு பெயரும் இருக்கிறது. நாம் அதிகம் பேசாத பெயர். இந்த மலையடிவாரம் வெல்லஸ்ஸப் பக்கம். 1817இல் ஆங்கிலேயர் இங்கே ஹாஜி என்ற முஸ்லிமை மடிகே முகாந்திரமாக நியமித்தார்கள். மடிகே என்றால் தவாளமாட்டில் சாமான் ஏற்றி இறக்கும் பகுதி. அது அதுவரை சிங்களப் பிரதானியின் அதிகாரத்துக்குள் இருந்தது. அந்த நியமனம் கலகத்துக்கான காரணங்களில் ஒன்றாயிற்று. ஹாஜி முகாந்திரம் கலகக்காரரிடம் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். அவரைத் தேடிப் போன ஆங்கில அதிகாரி வில்சனும் கொல்லப்பட்டார். 1818 ஊவா வெல்லஸ்ஸ எழுச்சி அப்படித்தான் மூண்டது. பங்கரகம்மனப் பெண்ணைப் பற்றி நம் மேடைகளில் நூறு தடவை கேட்டிருக்கிறேன். முகாந்திரத்தைப் பற்றி ஒரு தடவையும் இல்லை.

பதினெட்டு வளைவில் ஏறும்போது மனைவிக்கு வழமை போலத் தலைசுற்று. மேலே போனால் மெடமஹநுவர. 1815 பெப்ரவரியில் கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அந்தப் பக்கத்தில் ஒளிந்திருந்தபோதுதான் பிடிபட்டான். வேலூருக்கு அனுப்பினார்கள். அங்கேயே 1832இல் இறந்தான். அதையும் தாண்டித் தெல்தெனிய, திகன. 2018 மார்ச்சை நினைத்துக்கொண்டு அந்தக் கடைத்தெருவைக் கடக்கும்போது இருவரும் பேசவில்லை. அதுவும் சண்டை நடந்த இடம்தான் என்று சொல்ல வாய் வந்தது. சண்டை என்றால் இரண்டு பக்கமும் அடிக்க வேண்டும். அதனால் சொல்லவில்லை.

அடுத்த நாள் காலை கன்னொறுவ. பேராதனைப் பூங்காவுக்கு எதிரே, ஆற்றின் மறுகரையில் விவசாயத் திணைக்களம் இருக்கும் பக்கம். 1638 மார்ச் 28ஆம் திகதி இரண்டாம் ராஜசிங்கனும் அவன் சகோதரன் விஜயபாலனும் போர்த்துக்கேயப் படையை இங்கே சுற்றி வளைத்தார்கள். கப்பித்தான் ஜெனரல் டியோகோ டி மெலோ கண்டி நகரை எரித்துவிட்டுத் திரும்பும் வழியில் மாட்டிக்கொண்டான். சண்டைக்குக் காரணமாக ஓர் யானைக் கதை சொல்வார்கள். மன்னன் ஒரு வியாபாரிக்கு யானையைப் பரிசாகக் கொடுக்க, டி மெலோ அதைப் பறிக்க, பதிலுக்கு மன்னன் டி மெலோவின் குதிரைகளைப் பிடித்து வைத்துக்கொண்டானாம். டி மெலோ உயிரோடு கொழும்புக்குத் திரும்பவில்லை. அவன் படையில் தப்பியவர்கள் சொற்பம்.

பாடத்தில் இதைப் 'பெருவெற்றி' என்று எழுதி மூன்று புள்ளி வாங்குவார்கள் பிள்ளைகள். நான் சொல்ல மறப்பது ஒன்று. டி மெலோவின் படையில் பெரும்பகுதி வெள்ளையர் இல்லை. லஸ்கோறின்கள், கூலிக்குச் சேர்ந்த இந்நாட்டுக்காரர். சுற்றி வளைத்த பிறகு அவர்களில் பலர் மன்னன் பக்கம் போய்விட்டார்கள். காலையில் ஒரு பக்கம், பின்னேரம் மறுபக்கம். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று எந்தப் பக்கத்துக் கதையைச் சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

கன்னொறுவைக்குப் பிறகு இரண்டு மாதம் ஆகவில்லை. 1638 மே 18இல் அதே ராஜசிங்கன் ஒல்லாந்தரோடு சேர்ந்து மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து எடுத்தான். நீண்ட காலம் கச்சேரி இயங்கிய நம் கோட்டைதான். பிறப்புப் பத்திரத்துக்கும் காணி அலுவலுக்கும் அந்த வாசலால் எத்தனை தடவை ஏறி இறங்கியிருப்போம். யுத்தகளம் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

நம் ஊர்க்கதையும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. 1626இல் போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ராஜசிங்கனின் தகப்பன் செனரத் மன்னன் இடம் கொடுத்தான். நாலாயிரம் பேர் மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றப்பட்டார்கள் என்று சொல்கிறோம். அந்த 4000 என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? குவேறோஸ் என்ற போர்த்துக்கேயப் பாதிரியார் எழுதிய பெருநூலிலிருந்து. இலங்கைக்கு ஒரு நாளும் வராமல் கோவாவில் இருந்து எழுதியவர் அவர். நம் மீது அன்பு வைத்து எழுதியவரும் இல்லை. நம்மை விரட்டியவர்களின் புத்தகத்தில்தான் நமக்கு இடம் கிடைத்த கணக்கு இருக்கிறது. அவருக்கு முன்னமே இந்தக் கரையில் முஸ்லிம்கள் வாழ்ந்தார்கள் என்பதும் வேறு கதை. வந்தவர்கள் இருந்தவர்களோடு கலந்துதான் நாம்.

இப்போது வட்டப்புளுவவுக்கு வருகிறேன். மனைவிக்காகப் போன இடம்.

முதலில் திகதியைச் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டு வாரம் நான் திகதியோடுதான் மல்லுக்கட்டினேன். ஹிஜ்ரி 1218 என்பது 1803 ஏப்ரல் கடைசியில் தொடங்கி 1804 ஏப்ரலில் முடியும். ஆங்கிலேயர் கண்டியைப் பிடித்தது 1803 பெப்ரவரியில். அது 1217, ஆகவே இல்லை. 1804 செப்டம்பரில் கப்டன் ஜோன்ஸ்டன் நம் மட்டக்களப்பிலிருந்து ஏறத்தாழ 300 பேரோடு புறப்பட்டுக் கண்டிக்குப் போய், மற்றப் படைகள் ஒன்றும் வராததைக் கண்டு, சண்டையிட்டுக்கொண்டே திருகோணமலைக்கு இறங்கினான். அதிலும் மலாயர் இருந்தார்கள். ஆனால் அது 1219. அதுவும் இல்லை. இடையில் இருப்பது ஒரே ஒரு பெரிய விசயம். 1803 ஜூன்.

நடந்தது இது. ஆங்கில ஆளுநர் நோர்த் கண்டியைப் பிடித்து, ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனுக்குப் பதிலாக முத்துசாமி என்பவரை அரியணையில் வைத்தார். மன்னனின் பழைய பெயர் கண்ணுசாமி. கண்ணுசாமியா முத்துசாமியா என்ற சண்டையில் ஆங்கிலேயரும் சிங்களப் பிரதானிகளும் மலாயரும் ஆபிரிக்கக் காப்பிரிகளும் செத்தார்கள். பெரும்படை கொழும்புக்கு இறங்கிவிட, மேஜர் டேவி என்பவரின் கீழ் ஒரு காவற்படை மட்டும் மிஞ்சியது. டேவி மலாய் ரெஜிமெண்ட் அதிகாரி. மழை, காய்ச்சல், சாப்பாடு இல்லை. ஆங்கிலேயச் சிப்பாய்கள் ஆஸ்பத்திரியில் குவிந்தார்கள். மலாயர் பலர் இரவோடிரவாக மறுபக்கம் போனார்கள். அங்கே அவர்களை வரவேற்க ஆள் இருந்தது. ஏனென்றால் ஒல்லாந்தர் காலத்திலிருந்தே தப்பி வந்த மலாயர் கண்டி மன்னனின் படையில் இருந்தார்கள்.

ஜூன் 24 விடியற்காலையில் கண்டிப் படை அரண்மனையைத் தாக்கியது. முன்வரிசையில் வந்தவர்கள் மலாயர். தலைவன் சங்குங்லோ, சுலாவெசித் தீவின் கோவா அரச வம்சத்தோடு தொடர்புடையவன். (இந்தியக் கோவா இல்லை, மக்கஸார் பக்கத்துக் கோவா.) உள்ளே மலாய்ப் படைக்குத் தலைமை தாங்கியவர் கப்டன் நூறுதீன். அவர் யார்? அதே கோவாவிலிருந்து ஒல்லாந்தர் 1767இல் இலங்கைக்கு நாடு கடத்திய அரசரின் மகன்! ஒரே வம்சத்து ஆட்கள், ஒரே மொழியில் கட்டளையிட்டு, சுவருக்கு உள்ளும் புறமும். சங்குங்லோ அந்தத் தாக்குதலிலேயே இறந்தான்.

டேவி சரணடைந்தார். ஆயுதத்தோடு திருகோணமலைக்குப் போகலாம், நோயாளிகளைப் பார்த்துக்கொள்வோம் என்று ஒப்பந்தம். பின்னேரம் புறப்பட்டார்கள். வெள்ளைக்காரர் 34 பேர், மலாயர் ஏறத்தாழ 250, பீரங்கி லஸ்கர்கள் 140, கூடவே முத்துசாமியும் அவர் ஆட்களும். ஆஸ்பத்திரியில் விட்டுப் போன 149 நோயாளிகளைக் கண்டியர் கொன்றுவிட்டார்கள். இவர்கள் வட்டப்புளுவத் துறைக்கு வந்தபோது மகாவலி பெருக்கெடுத்து ஓடுகிறது. வள்ளம் இல்லை. இரவு முழுக்க மழை. மறுநாள் மன்னனின் ஆட்கள் வந்து முத்துசாமியைக் கேட்டார்கள். டேவி கொடுத்துவிட்டார். முத்துசாமியின் கதை அன்றே முடிந்தது. அதற்கடுத்த நாள் ஆயுதத்தை வைக்கச் சொன்னார்கள். மலாயரைப் பிரித்து ஒரு பக்கம் கொண்டு போனார்கள். வெள்ளையரை இரண்டிரண்டு பேராகக் கூட்டிப் போய்க் கொன்றார்கள். பார்ன்ஸ்லி என்ற கோப்ரல் காயத்தோடு தப்பி ஆற்றைக் கடந்து போய்ச் செய்தி சொன்னான். டேவி கைதியாகக் கண்டியிலேயே பல வருடம் இருந்து அங்கேயே செத்தார்.

மலாயருக்கு ஒரு கேள்வி வைக்கப்பட்டது. மன்னனின் படையில் சேருகிறாயா? பலர் சேர்ந்தார்கள். நூறுதீனும் அவர் தம்பியும் மறுத்தார்கள். ஆங்கில மன்னருக்குச் சத்தியம் செய்துவிட்டோம், இரண்டு பேருக்குச் சத்தியம் செய்ய முடியாது என்று நின்றார்களாம். கொன்றார்கள். உடல்களை அடக்கவும் விடவில்லை என்று ஆங்கிலக் குறிப்புகள் சொல்கின்றன.

இப்போது வட்டப்புளுவ வீடமைப்புத் திட்டம் இருக்கும் குடியிருப்புப் பகுதி. 1950களின் கடைசியில் மினெட் டி சில்வா என்ற பெண் கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. மதில், மல்லிகைக் கொடி, முற்றத்தில் கழுவிய கார். 'டேவி மரம்' என்று பெயர்பெற்ற இடத்தில் ஒரு நினைவுக் கல் இருக்கிறது. முத்துசாமிக்கும் 250 மலாயருக்கும் பெயர் சொல்ல மரமும் இல்லை.

பிறகு ஆற்றங்கரைப் பக்கம் இறங்கினோம். மழை பெய்திருந்தது, தண்ணீர் காவி நிறம். மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். நான் வாத்தியார் புத்தியில் கணக்குப் போடத் தொடங்கினேன். உன் ஆள் டேவியின் பக்கம் காய்ச்சலில் மே மாதமே செத்திருக்கலாம். ஜூன் 24 சுவருக்கு உள்ளே செத்திருக்கலாம். சங்குங்லோவோடு சுவருக்கு வெளியே செத்திருக்கலாம். முதலில் உள்ளே இருந்து, இரவில் பக்கம் மாறி, மறுநாள் தன் பழைய சிநேகிதன் கையாலேயே செத்திருக்கலாம். நூறுதீனைப் போல மறுத்தும் செத்திருக்கலாம், மற்றவர்களைப் போலச் சேர்ந்து அந்த வருடத்துக்குள்ளேயே கண்டியில் நோயிலும் செத்திருக்கலாம். 'ராஜாவின் சொல்தாது' என்பது எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஏனென்றால் அப்போது மலாய் ரெஜிமெண்ட் கம்பனியின் படையாகக்கூட இல்லை, நேரே ஆங்கில மன்னரின் படை. அவரும் ராஜாதான்.

மனைவி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "எழுதினது யாரா இருக்கும்?" என்றார்.

நான் அதை யோசிக்கவே இல்லை. செத்தவன் எழுதவில்லை. கொழும்பில் இருந்த யாரோ எழுதியிருக்கிறார்கள். பெண்சாதியாக இருக்கலாம், தம்பியாக இருக்கலாம். செய்தி வந்து சேர எத்தனை மாதம் ஆகியதோ. ஆங்கிலேயரின் கொழும்பில் இருந்துகொண்டு, ஆள் கண்டி மன்னனிடம் போனான் என்று எழுதினால் அது இராஜத் துரோகம், குடும்பத்துக்கே ஆபத்து. ஆங்கிலேயருக்காகச் செத்தான் என்று நிச்சயமாகத் தெரிந்திருந்தால் ரெஜிமெண்டின் பெயரை எழுதியிருப்பார்கள், உதவி கேட்கவாவது பயன்பட்டிருக்கும். தெரிந்தும் மறைத்தார்களா, தெரியாமல் விட்டார்களா? 'ராஜா' என்று மட்டும் எழுதிய அந்தக் கை மிகக் கெட்டிக்காரக் கை.

இந்த இடத்தில் ஒரு கடிதத்தைச் சொல்ல வேண்டும். நூறுதீனின் தகப்பனான கோவா அரசரின் விதவை சித்தி ஹபீபா, 1807 ஜனவரியில் கொழும்பிலிருந்து பத்தாவியாவிலுள்ள ஒல்லாந்த அதிகாரிகளுக்கு ஜாவி எழுத்தில் எழுதியது. இன்று நெதர்லாந்தில் லைடன் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. அரச குடும்பத்துப் பெண், வறுமையைச் சொல்லி உதவி கேட்டு எழுதுகிறார். சத்தியத்துக்காக உயிரைக் கொடுத்த இளவரசனின் வீட்டு நிலைமை நாலு வருடத்துக்குள் அது. சாதாரணச் சொல்தாதுவின் வீடு எப்படி இருந்திருக்கும் என்று கேட்கத் தேவையில்லை. கிதாபில் இரண்டாவது வரி, முதல் வரிக்குப் பிறகு பதினாறு வருடம் தள்ளித்தான் வருகிறது. அந்தப் பதினாறு வருடமும் வெற்றுத்தாள்.

ஆற்றைப் பார்த்துக்கொண்டே ஃபாத்திஹா ஓதினோம். ஓதி முடித்து துஆவுக்குக் கை ஏந்தியபோது எனக்கு வாய் நின்றுவிட்டது. யாருக்காகக் கேட்பது, சுவருக்கு உள்ளே இருந்தவர்களுக்கா, வெளியே இருந்தவர்களுக்கா? மனைவி மெதுவாகத் தன் மலாயில் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஆமீன் மட்டும் சொன்னேன். என்ன கேட்டார் என்று வாகனத்தில் ஏறிய பிறகு கேட்டேன். "பசிச்சவனுக்காகக் கேட்டேன்" என்றார்.

வீட்டுக்கு வந்த இரவு மச்சான் கோல் எடுத்தார். புத்தகம் அச்சுக்குப் போகிறது, முதல் பக்கத்தை முடிக்க வேண்டும். மனைவி ஸ்பீக்கரில் போட்டார். நீண்ட வாக்குவாதம். "இந்தக் காலத்துல நம்மளுக்கு ஒரு பாதுகாப்பு வேணும் தங்கச்சி. நாளைக்குப் பிள்ளைகளிட்ட யாராவது கேட்டா காட்ட ஒண்டு வேணும்" என்றார். அவர் சொன்னதில் எனக்குக் கோபம் வரவில்லை. 2019இல் நான் மேடையில் நின்றதும் அதே பயத்தோடுதான். கடைசியில் அவர் களைத்துப்போய், "அப்ப எந்த ராஜா எண்டு போடுறது?" என்றார்.

"தாள்ள ஈக்கிறத அப்படியே போடுங்க."

"வாசிக்கிறவங்க கேட்பாங்க."

"கேக்கட்டும்."

புத்தகம் போன மாதம் வந்தது. மச்சான் பாதி கேட்டார், பாதி கேட்கவில்லை. கிதாபின் தாளைப் படமாகவே போட்டிருக்கிறார், அது நல்லது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் 'கண்டி மன்னனாக இருக்கலாம் எனக் கருதப்படுகிறது' என்று சேர்த்துவிட்டார். மனைவி பேனாவை எடுத்து எங்கள் பிரதியில் மட்டும் அந்த வரியை அடித்துவிட்டார்.

ஊரவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணிலோ பெட்டியிலோ மூத்தம்மாமாருடைய பழைய கிதாபுகள் இருந்தால், பக்கம் கிழிந்துவிட்டது என்று புதைக்கவோ ஆற்றில் விடவோ முன், முன்பின் வெற்றுத் தாள்களைப் போனில் படம் எடுங்கள். வெயிலில் காய வைக்காதீர்கள், நிழலில் போதும். பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள், பூஞ்சணம் பிடிக்கும். அறபுத் தமிழ் கூட்டி வாசிக்கக்கூடிய மூத்தவர்கள் நம் ஊரில் இன்னும் ஏழெட்டுப் பேராவது இருப்பார்கள். எனக்கு அனுப்பினால் வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆவுக்குப் பிறகு அவர்களோடு உட்கார்ந்து வாசித்துத் தருகிறேன். விளங்காத சொல் வந்தால் வீட்டில் ஆள் இருக்கிறார்.

வஸ்ஸலாம்.